கால்பந்து அணி உரிமையும் அணி இடமாற்றமும்

கால்பந்து அணி உரிமை என்பது, ஒரு தொடரை நடத்தும் அமைப்புக்குக் கட்டணம் செலுத்தி, அந்தத் தொடரில் ஓர் ஊரின் பெயரால் அணி நடத்துவதற்கு ஒருவர் பெறும் உரிமை ஆகும். நாளேடுகளில் இது ஃபிரான்சைஸ் என்றே எழுதப்படுகிறது. அந்த உரிமையை உரிமையாளர் வேறோர் ஊருக்கு எடுத்துச் செல்வது அணி இடமாற்றம் எனப்படும். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடரில் 2019 முதல் 2025 வரை மூன்று முறை இவ்வாறு நடந்துள்ளது. அதற்கும் முன்பே, ஐ-லீக் தொடரில் ஆடிய சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்குச் சென்றது.

இடமாற்றம் என்றதும் அமெரிக்க எடுத்துக்காட்டுகளே பெரும்பாலும் கூறப்படுகின்றன. அங்கே கூடுதல் இலாபம் தேடி அணிகள் ஊர் மாறுகின்றன. இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. இங்கு நட்டம் தாங்காமல்தான் அணிகள் ஊர் மாறுகின்றன. இரண்டிடத்திலும் பொதுவானது ஒன்று உண்டு: ஊரின் பெயரைச் சுமக்கும் அணி அந்த ஊருக்குச் சொந்தமானது அன்று.

உரிமையின் தன்மை

நகராட்சிப் பேருந்து நிலையத்தில் கடை ஏலம் எடுப்பதை நினைத்துப் பார்த்தால் அணி உரிமை எளிதில் விளங்கும். எத்தனை கடைகள் என்பதை நகராட்சி முடிவு செய்கிறது. ஏலம் எடுத்தவர் ஆண்டுதோறும் தொகை கட்டுகிறார். வெளியாள் ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், கடை காலியாகாமல் உள்ளே வர முடியாது. அணி உரிமையும் இத்தகையதே. ஒரே வேறுபாடு, பேருந்து நிலையக் கடையைப் பெயர்த்து அடுத்த ஊரில் வைக்க முடியாது, அணியை வைக்கலாம்.

ஐரோப்பியக் கால்பந்தின் வழக்கம் வேறு. அங்கே கழகங்கள் பெரும்பாலும் ஊர்மக்கள், தொழிலாளர்கள், தேவாலயக் குழுக்கள் ஆகியோரால் தொடங்கப்பட்டவை. வென்றால் மேல் நிலைக்கு ஏறும், தோற்றால் கீழ் நிலைக்கு இறங்கும். ஆகவே ஒரு சிற்றூர் அணியும் ஆடி ஆடியே முதல் நிலையை எட்டலாம். உரிமை முறையில் இந்த ஏணி இல்லை. இந்தியாவில் 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது எட்டு அணிகள் இருந்தன. எட்டும் கட்டணம் கட்டி வந்தவை. ஐ-லீக் வாகையர் மேலேறும் வழி 2023-இல்தான் திறந்தது. அவ்வழியே முதலில் பஞ்சாப் அணியும், அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியும் வந்தன.

சென்னையின் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி. பிறந்த கதையே உரிமை முறைக்கு நல்ல விளக்கம். 2014 ஏப்ரலில் உரிமைகள் வழங்கப்பட்டபோது சென்னைக்கு அணி கிடைக்கவில்லை. பெங்களூரு உரிமையைச் சென்னையைச் சேர்ந்த சன் குழுமம் பெற்றது. பின்னர் அக்குழுமம் விலகிக்கொள்ள, காலியான இடம் சென்னைக்கு வந்தது. நடிகர் அபிஷேக் பச்சன் உரிமையாளரானார். வீட்டா தானி, மகேந்திர சிங் தோனி ஆகியோர் உடன் சேர்ந்தனர். இவ்வாறு கடைசி நேரத்தில் உருவான அணி 2015-இலும் 2017–18-இலும் கோப்பையை வென்றது. சென்னையில் நூறாண்டுக்கும் மேலாகக் கால்பந்து ஆடப்பட்டு வந்தாலும், நகருக்கு அணி கிடைத்ததற்குக் காரணம் அந்த வரலாறு அன்று. வேறொருவர் விட்டுப்போன இடமே.

வரவும் செலவும்

ஓர் அணிக்கு வருமானம் நான்கு வழிகளில் வருகிறது. தொடரை நடத்தும் அமைப்பு தொலைக்காட்சி உரிமையையும் தலைப்பு விளம்பரத்தையும் விற்று அணிகளுக்குப் பகிரும் பொதுத்தொகை முதலாவது. சட்டை விளம்பரமும் நுழைவுச்சீட்டு விற்பனையும் அடுத்தவை. வீரர்களை வேறு கழகங்களுக்கு மாற்றுவதால் வரும் தொகை நான்காவது. இவற்றுள் அணியின் வாழ்வைத் தீர்மானிப்பது முதல் வழியே.

ஐ.பி.எல். கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 2008-இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை கிரிக்கெட் அணியின் உரிமையைப் பத்தாண்டுகளுக்கு 9.1 கோடி டாலர் கொடுத்து வாங்கியபோது பலர் வியந்தனர். ஆனால் 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமைகள் மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றன. அதில் ஒரு பெரிய பங்கு அணிகளுக்குப் போகிறது. அரங்கில் ஓர் ஆள் கூட உட்காராவிட்டாலும் கிரிக்கெட் அணி பிழைத்துக்கொள்ளும். கொரோனா காலத்தில் பிழைத்தும் காட்டியது.

கால்பந்துக்கு அத்தகைய மழை பெய்யவில்லை. தொடக்க கால ஐ.எஸ்.எல். உரிமையாளர் ஆண்டுக்குப் பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் உரிமைக் கட்டணம் கட்டினார். அதன்மேல் வெளிநாட்டு வீரர்கள், பயிற்சியாளர், விமானப் பயணம், விடுதி, பயிற்சித் திடல், அரங்க வாடகை, இளையோர் அணி என்று செலவுகள். பொதுத்தொகையிலிருந்து திரும்பி வந்தது இவற்றை ஈடுகட்டவில்லை. பெரும்பாலான கழகங்கள் ஆண்டுதோறும் உரிமையாளரின் வேறு தொழில்களிலிருந்து வந்த பணத்திலேயே ஓடின. அந்த வேறு தொழில் தள்ளாடினால் அணியும் தள்ளாடும். கால்பந்து ரசிகர் ஒருவர் தம் அணியின் எதிர்காலத்தை அறிய விரும்பினால், புள்ளிப் பட்டியலைவிட உரிமையாளரின் நிறுவனக் கணக்கைப் படிப்பது நல்லது என்று சொல்லுமளவுக்கு நிலைமை இருந்தது.

அரங்கு யாருடையது?

இந்தியாவில் பெரிய அரங்குகள் ஏறக்குறைய எல்லாமே அரசுடையவை. சென்னை நேரு விளையாட்டரங்கம் 1993-இல் கட்டப்பட்டது. 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கு நடந்தன. இதை நிர்வகிப்பது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். கொச்சி அரங்கு பெருநகரக் கொச்சி வளர்ச்சி ஆணையத்துடையது. தில்லி நேரு அரங்கு மத்திய அரசின் இந்திய விளையாட்டு ஆணையத்துடையது. அணிகள் இவற்றில் குடியிருப்போர் மட்டுமே.

வாடகைக் குடியிருப்புக்கு உரிய சங்கடங்கள் எல்லாம் இதில் உண்டு. திடலைச் சுற்றித் தடகள ஓடுபாதை இருப்பதால் பார்வையாளர் ஆட்டத்திலிருந்து தள்ளி உட்கார வேண்டியிருக்கிறது. அரசு விழா, தடகளப் போட்டி, இசை நிகழ்ச்சி என்று வந்தால் அணி விலகி நிற்க வேண்டும். அரங்கச் சுவரில் விளம்பரம் எழுதுவது, தின்பண்டக் கடை நடத்துவது, வாகன நிறுத்தக் கட்டணம் வாங்குவது ஆகியவை அணிக்கு வருமானமாக வருமா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். வெளிநாடுகளில் அணிகளைச் செழிக்க வைப்பவை பெரும்பாலும் இந்தச் சில்லறை வரவுகளே.

தற்காலிக இடமாற்றங்களும் உண்டு. 2015 திசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, சென்னையின் எஃப்.சி. தன் அரையிறுதியின் 'சொந்த ஊர்' ஆட்டத்தைப் புனேயில் ஆடியது. கொல்கத்தாவை 3–0 என்று வென்றது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்களும் அதே புனேக்கு மாற்றப்பட்டன. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து சிறப்பு ரயிலே போனது. இவை திரும்பி வரும் பயணங்கள் என்பதால் எவரும் மனம் கசக்கவில்லை.

சென்னை சிட்டி: பெயர் ஒன்று, ஊர் வேறு

நிலையான இடமாற்றத்துக்குத் தமிழ்நாட்டின் சிறந்த எடுத்துக்காட்டு சென்னை சிட்டி கழகம். 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்த இக்கழகம், ஏற்கெனவே ஐ.எஸ்.எல். அணி ஒன்று குடியிருந்த நகரில் இரண்டாவது அணியாக நின்றது. ஒரே நகரில் இரண்டு அணிகள் என்றால் விளம்பரதாரரும் பார்வையாளரும் பிரிந்துவிடுவர். 2017–18 பருவத்தில் அணி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்துக்கு வந்தது. பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

கோவையில் அது தழைத்தது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே புள்ளி கூடுதலாக, 43 புள்ளிகளுடன் ஐ-லீக் கோப்பையைக் கைப்பற்றியது. வெளிநாட்டு வீரர் பெத்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். உள்ளூர் வீரர்களும் இடம்பெற்ற அணி அது. அவர்களுள் எட்வின் சிட்னி வான்ஸ்பால் பின்னர் சென்னையின் எஃப்.சி.க்கும், ரொமாரியோ யேசுராஜ் எஃப்.சி. கோவாவுக்கும் சென்றனர். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கை வாங்கியது.

வாகை சூடியும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற வழியில்லை. ஏணி அப்போது இல்லை. ஆசிய வாகையர் லீக் தகுதிச் சுற்றில் 2020 சனவரியில் பஹ்ரைனின் அல்-ரிஃபா அணியை எதிர்கொண்டபோது, அந்தச் 'சொந்த ஊர்' ஆட்டம் கோவையிலும் நடக்கவில்லை, சென்னையிலும் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. பெயருக்கு ஓர் ஊர், ஆடுவதற்கு ஓர் ஊர், ஆசியப் போட்டிக்கு இன்னோர் ஊர். அணி 0–1 எனத் தோற்றது. 2021–22 பருவத்திலிருந்து ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. கோப்பை வென்று மூன்றாண்டு முடிவதற்குள் கோவை ரசிகர்களுக்கு ஆதரிக்க அணியே இல்லாமல் போனது.

பெயர் குறித்து ஓர் ஒப்பீடு இங்குப் பொருந்தும். பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் வேறு ஊரில் செதுக்கிய சிலையை அரும்பாவூர்ச் சிற்பம் என்று விற்பது சட்டப்படி குற்றம். ஊர்ப் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைச் சட்டம் காக்கிறது. விளையாட்டு அணிக்கு இத்தகைய காவல் எதுவும் இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் காரைக்குடிக் காளை அணி திருப்பூர்த் தமிழன்ஸ் ஆனது. காஞ்சி வாரியர்ஸ் திருச்சி வாரியர்ஸ் ஆனது. ஆட்டங்களோ நத்தம், திருநெல்வேலி, சென்னை போன்ற சில திடல்களிலேயே நடந்து வந்தன. அங்கே இடம் மாறியது அணிகூட அன்று, பெயர்ப்பலகை மட்டுமே.

ஒரே இடம், மூன்று நகரங்கள்

ஐ.எஸ்.எல். இடமாற்றங்கள் 2019 ஆகஸ்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புனே சிட்டி அணி பணநெருக்கடியால் கலைந்தது. அதன் இடத்தில் புதிய உரிமையாளர்களுடன் ஐதராபாத் எஃப்.சி. தோன்றியது. அதே வாரத்தில் தில்லி டைனமோஸ் அணி புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இரண்டும் வெவ்வேறு வகை. ஒடிசாவில் அழைத்தது மாநில அரசு. 2018-இல் இந்திய வளைகோல்பந்து அணிகளின் விளம்பரதாரராகி, அதே ஆண்டு ஆடவர் உலகக் கோப்பையையும் கலிங்கா அரங்கில் நடத்திய அரசு அது. விளையாட்டின் மூலம் மாநிலத்துக்குப் பெயர் தேடுவது அதன் கொள்கையாக இருந்தது. தில்லியின் 60,000 இருக்கை அரங்கில் சிறு கூட்டத்தை வைத்து ஆடிக்கொண்டிருந்த அணிக்கு, நல்ல அரங்கும் பயிற்சித் திடலும் அரசின் அரவணைப்பும் கிடைத்தன. 2023-இல் ஒடிசா அணி சூப்பர் கோப்பையை வென்றது. இந்திய இடமாற்றங்களுள் பலனளித்தது இது ஒன்றுதான் எனலாம்.

ஐதராபாத்தின் கதை துயரமானது. முதல் பருவத்தில் கடைசி இடம். அடுத்த இரண்டு பருவங்கள் கொரோனாவால் முழுக்கக் கோவாவிலேயே நடந்தன. 2022 மார்ச் 20 அன்று கேரளா பிளாஸ்டர்ஸ் அணியைப் பெனால்டி முறையில் வென்று ஐதராபாத் கோப்பை ஏந்தியது. ஆனால் அந்த வாகைப் பருவத்தில் ஓர் ஆட்டத்தைக்கூடச் சொந்த நகரில் ஆடவில்லை. ரசிகர்கள் அரங்குக்கு வரத் தொடங்கி ஓராண்டு கழிவதற்குள் சம்பள நிலுவைப் புகார்கள் எழுந்தன. பன்னாட்டுக் கூட்டமைப்பு புதிய வீரர்களைச் சேர்க்கத் தடை விதித்தது. வெளிநாட்டு வீரர்கள் கிளம்பிப் போக, 2023–24 பருவத்தை இளம் இந்திய வீரர்களைக் கொண்டே ஒப்பேற்ற வேண்டியிருந்தது. 2024-இல் பி.சி. ஜிண்டால் குழுமம் அணியை வாங்கியது. 2025 அக்டோபரில் அணி தில்லிக்குப் பெயர்ந்து, ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி ஆனது.

புனேயின் இடம் ஐதராபாத்துக்கும், ஐதராபாத்தின் இடம் தில்லிக்கும் போயிற்று. அந்தத் தில்லியோ ஆறு ஆண்டுகளுக்கு முன் தன் அணியைப் புவனேஸ்வருக்கு விட்டுக்கொடுத்த ஊர். கிரிக்கெட்டில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2012-இல் ஐதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் நீக்கப்பட்டபோது, சன் தொலைக்காட்சி நிறுவனம் ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய்க்கு அதே நகரின் உரிமையைப் பெற்றது. உரிமையாளர் மாறினார், ஊர் மாறவில்லை. வருமானம் உறுதியாக இருந்தால் ஊரைக் காலி செய்யும் தேவை எழுவதில்லை என்பதற்கு இது சான்று.

அமெரிக்க வழி

அமெரிக்கக் கால்பந்து கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் வேறு விளையாட்டு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க. அதன் தேசிய லீக்கில் 32 அணிகள் மட்டுமே உள்ளன. அணி வேண்டும் என்று காத்திருக்கும் நகரங்கள் அதைவிட அதிகம். இந்தப் பற்றாக்குறையே உரிமையாளரின் ஆயுதம். 'புதிய அரங்கு கட்டித் தராவிட்டால் வேறு நகருக்குப் போய்விடுவோம்' என்று சொன்னால் போதும், மேயர் பணிந்துவிடுவார்.

1995-இல் செயின்ட் லூயிஸ் நகரம் பொதுப்பணத்தில் கூரையிட்ட அரங்கு கட்டி, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியை வரவழைத்தது. 2016-இல் அந்த அணி லாஸ் ஏஞ்சலசுக்கே திரும்பிவிட்டது. அணி போன பிறகும் அரங்கக் கடனை மக்கள் கட்டிக்கொண்டிருந்தனர். நகரம் வழக்குத் தொடுக்க, 2021-இல் 79 கோடி டாலர் தந்து லீக் தரப்பு சமரசம் செய்துகொண்டது. 2020-இல் ரெய்டர்ஸ் அணியைப் பெற லாஸ் வேகாஸ் தந்த பொதுப்பணம் 75 கோடி டாலர்.

அரங்கு வந்தால் வேலைவாய்ப்பு பெருகும், கடைகள் செழிக்கும் என்பதே ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் காரணம். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் 1997-இல் தொகுத்த ஆய்வு நூலும், அதன்பின் வந்த பல ஆய்வுகளும் இதை ஏற்கவில்லை. காரணம் எளிது. அரங்கில் செலவாகும் பணம் புதிதாக வந்த பணம் அன்று. ஆட்டம் இல்லையென்றால் அதே குடும்பம் அதே பணத்தைத் திரையரங்கிலோ உணவகத்திலோ செலவிட்டிருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் ஒரு இலட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற சிறு நகரின் பேக்கர்ஸ் அணி 1923 முதல் இலாப நோக்கற்ற பொதுப்பங்கு அமைப்பாக இருக்கிறது. பங்குதாரர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பங்குக்கு ஈவு கிடையாது, இலாபத்துக்கு விற்கவும் முடியாது. தொலைக்காட்சி வருவாயை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்வதால் சிறிய ஊரும் தாக்குப்பிடிக்கிறது. இந்த அணியை யாரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. ஆனால் இதுபோல் இன்னொன்று உருவாவதை லீக் விதிகள் இப்போது அனுமதிப்பதில்லை.

ரசிகர்கள் செய்யக்கூடியது

இங்கிலாந்தின் விம்பிள்டன் கழகம் 2003-இல் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த மில்டன் கீன்ஸ் நகருக்குப் போனது. மாற்றத்துக்கு 2002-இல் அனுமதி கிடைத்த உடனேயே, ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தாமே தொடங்கினர். அடிமட்ட நிலையிலிருந்து ஏறி, 2020 நவம்பரில் தங்கள் பழைய திடலின் அருகிலேயே, பிளவ் லேனில், சொந்த அரங்கு கண்டனர். ஏணி இருந்ததால் இது முடிந்தது. செருமனியில் கழக வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி, இத்தகைய மாற்றத்தை முளையிலேயே தடுத்துவிடுகிறது.

ஐதராபாத், புனே ரசிகர்களுக்கு இவ்விரண்டில் ஒன்றும் இல்லை. புதிய கழகம் தொடங்கினாலும், மேலே ஏற ஒரே ஒரு குறுகிய வழிதான். அதுவும் அண்மையில் திறந்தது.

2025: தொடரே நின்றபோது

அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 திசம்பரில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்தது. ஐ.எஸ்.எல். அதன் குழந்தை. ஒப்பந்தம் 2025 திசம்பரில் முடிய இருந்த நிலையில், புதுப்பிப்பு இழுபறியானது. 2025 சூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. பெங்களூரு உள்ளிட்ட சில கழகங்கள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தின. உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் வணிக உரிமைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பமும் வரவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஐதராபாத் அணி தில்லி அணியாக மாறியிருந்தது. புதிய பெயரில் அது முதலில் களமிறங்கிய சூப்பர் கோப்பை கோவாவில் நடந்தது. தில்லியில் அது ஆடவேண்டிய முதல் லீக் ஆட்டத்துக்கு அப்போது தேதியே குறிக்கப்பட்டிருக்கவில்லை.